லூக்கா நற்செய்தியும் அதன் காலமும்

பழைய நூல் எதுவாயினும், அதைக் கையில் எடுக்கும் மாணவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இதில் சொல்லியிருப்பது மெய்தானா?' என்பது பின்னர் வரவேண்டிய கேள்வி. 'இது எவ்வகை நூல்? இதை முதன்முதலில் கேட்டவர்கள் இதை எத்தகைய நூலாக எண்ணிக் கேட்டார்கள்?' என்பதே முதற்கேள்வி. கடிதத்தைக் காவியமாகவும், காவியத்தைக் கணக்கேடாகவும் படிப்பவன் இரண்டின் பயனையும் இழந்துவிடுவான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்நாள்களில் மாணவர்களுக்குப் பலவிதமாகச் சொல்லிவந்த பாடம் இதுவே. இன்று அதை ஒரே நூலைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அந்நூல், புதிய ஏற்பாட்டில் மூன்றாவதாக வைக்கப்பட்டுள்ள லூக்கா நற்செய்தி.

இந்நூல் உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களுக்குத் திருமறை. திருமறை என்றவுடன் மாணவர் இரு திறத்தினராகப் பிரிவதை நான் கண்டிருக்கிறேன். ஒரு திறத்தார் அதை வணங்கி மூடி வைப்பர்; மற்றொரு திறத்தார் அதை எள்ளி மூடி வைப்பர். இருவர் கையிலும் நூல் மூடியே கிடக்கும். நான் பேசப்போவது சமயநம்பிக்கையைப் பற்றியன்று. அஃது அவரவர் உள்ளத்திற்கு உரியது. ஒரு நூலைத் திறந்து படிக்கும் முறையைப் பற்றியே நான் பேசுகிறேன்.

முதலில் நூலின் புற விவரங்களைக் காண்போம். இது கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நூலுக்குள் ஆசிரியரின் பெயர் எங்கும் இல்லை. பவுலடிகளின் தோழரான லூக்கா என்னும் மருத்துவர் எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் மரபு. கி.பி. 80-க்கும் 90-க்கும் இடையில் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அதற்கு முன்னென்பாரும் பின்னென்பாரும் உளர். இதே ஆசிரியர் எழுதிய இரண்டாம் பகுதியே 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்னும் நூல். இரண்டும் ஒரே பெருநூலின் இரு சுருள்கள் எனலாம். அக்காலத்தில் நூல்கள் பப்பைரஸ் என்னும் நாணல்தாளில் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்டன. பெரும்பாலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். வானொலியின் முன் அமர்ந்திருக்கும் உங்களைப் போலவே, இந்நூலின் முதல் வாசகர்களும் பெரும்பாலும் கேட்போராகவே இருந்தனர்.

இந்நூலின் முதல் நான்கு வசனங்கள் கிரேக்கத்தில் ஒரே நீண்ட வாக்கியம். நன்கு கற்றவர் எழுதும் செம்மையான நடை. தமக்கு முன் பலர் இவ்வரலாற்றை எழுத முயன்றனர் என்றும், கண்ணால் கண்டவர்கள் செய்திகளை ஒப்படைத்தனர் என்றும், தாமும் எல்லாவற்றையும் தொடக்கமுதல் கருத்தாய் ஆராய்ந்து முறைப்பட எழுதுவதாகவும் ஆசிரியர் கூறுகிறார். பிறகு தெயோப்பிலு என்பவரை மதிப்புடன் விளித்து, அவர் கற்றவை உறுதியுடையவை என்று அறியும்பொருட்டே எழுதுவதாக முடிக்கிறார். அங்கு வரும் மதிப்புச் சொல்லையே இவ்வாசிரியர் தம் இரண்டாம் நூலில் பேலிக்ஸ், பெஸ்து என்னும் உரோமானிய ஆளுநர்களை விளிக்கும் இடங்களிலும் வழங்குகிறார்.

இத்தகைய முன்னுரை அக்காலக் கிரேக்க வாசகருக்குப் பழக்கமானது. யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் ஏறத்தாழ அதே தலைமுறையைச் சேர்ந்தவர், கி.பி. 37-இல் பிறந்தவர். அவர் எழுதிய 'அப்பியோனுக்கு மறுப்பு' என்னும் நூல் எப்பப்பிரோதீத்து என்னும் பெரியவருக்கு உரிமையாக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி, முதற்பகுதியை நினைவூட்டி, அப்பெரியவரை மீண்டும் விளித்துத் தொடங்குகிறது. அப்போஸ்தலர் நடபடிகளும் முதல் நூலை நினைவூட்டி, தெயோப்பிலுவை மீண்டும் விளித்தே தொடங்குகிறது. இருவரும் ஒரே எழுத்து மரபைப் பின்பற்றியவர்கள்.

கண்டவர்களை நாடி விசாரித்தல் என்பதும் அம்மரபின் ஒரு கூறு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், நூலகத்தில் இருந்தபடியே வரலாறு எழுதினார் என்று திமேயஸ் என்பவரைக் கடுமையாகச் சாடினார். ஆயினும் லூக்காவின் முன்னுரை பெரும் வரலாற்று நூல்களின் முன்னுரைகளைவிட மிகச் சுருக்கமானது. மருத்துவம், கணிதம் முதலிய துறைநூல்களின் முன்னுரைகளையே அது பெரிதும் ஒத்துள்ளது என்று லவ்டே அலெக்சாந்தர் என்னும் அறிஞர் 1993-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஆசான் ஒருவர் மாணவருக்கு ஒரு துறையைக் கற்பிக்க எழுதிய ஏட்டின் தொனி அதில் கேட்கிறது என்பது அவர் முடிவு.

இனி, ஐந்தாம் வசனத்திற்கு வாருங்கள். நடை சட்டென்று மாறுகிறது. கிரேக்கமே தொடர்கிறது, ஆனால் அது எபிரேய வேதத்தின் மணம் வீசும் கிரேக்கம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய மொழிபெயர்ப்பு ஒன்று உண்டு. அதனை எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பர். கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்கள் வேதத்தை அதன் வழியே கேட்டுவந்தனர். லூக்கா தம் கதையை அந்த நடையிலேயே தொடங்குகிறார். பிள்ளைப்பேறு இல்லாத முதிய தம்பதியர், வானவர் தரும் செய்தி, வியப்பூட்டும் பிறப்பு என்று அவர் எழுதும்போது, ஆபிரகாமும் சாராளும் கேட்போர் நினைவில் எழுவர். மரியாளின் துதிப்பாடலைக் கேட்பவர்கள், சாமுவேலின் தாய் அன்னாள் பாடிய பழம்பாடலையும் உடன் நினைப்பர். ஆக, இந்நூலுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று கிரேக்கப் புலமை உலகத்தை நோக்கியது. மற்றொன்று யூதர்களின் மறையை நோக்கியது. ஒரு வாயிலை மட்டும் அறிந்தவன் நூலின் பாதியை மட்டுமே காண்பான்.

இவ்விரண்டு மரபும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நிற்கும் இடம் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கம். யோவான் பேசத் தொடங்கிய காலத்தைச் சொல்லும்போது, திபேரியு பேரரசரின் பதினைந்தாம் ஆண்டு என்று கூறி, யூதேயாவில் பொந்தியு பிலாத்து, கலிலேயாவில் ஏரோது, இன்னும் பிற ஆட்சியாளர்கள், தலைமைக் குருக்கள் என்று வரிசையாக அடுக்குகிறார் லூக்கா. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் துசிடைடீஸ் என்னும் வரலாற்றாசிரியரும் பெலப்பனீசியப் போர் தொடங்கிய ஆண்டைக் குறிக்க, ஆர்கோஸ் நகரக் கோயிற் பூசாரினியின் நாற்பத்தெட்டாம் ஆண்டு என்றும், ஸ்பார்த்தாவில் இன்னார் அதிகாரி, ஏதென்ஸில் இன்னார் அதிகாரி என்றும் அடுக்கியிருக்கிறார். எல்லா நாட்டினருக்கும் பொதுவான ஆண்டுக்கணக்கு இல்லாத காலத்தில், பல ஊர்க் கணக்குகளைச் சேர்த்துத்தான் ஓர் ஆண்டைக் குறிக்க முடியும். எரேமியா முதலிய தீர்க்கதரிசிகளின் நூல்களும் மன்னர் பெயரையும் ஆட்சியாண்டையும் கூறியே தொடங்குகின்றன. கிரேக்கன் இதைக் கேட்டு, 'வரலாறு தொடங்குகிறது' என்பான். யூதன் இதைக் கேட்டு, 'தீர்க்கதரிசி ஒருவர் தோன்றப்போகிறார்' என்பான்.

அகஸ்துவுக்குப் பின் திபேரியு கி.பி. 14-இல் பேரரசர் ஆனார். ஆகவே பதினைந்தாம் ஆண்டு என்பது ஏறத்தாழ கி.பி. 28 அல்லது 29 ஆகும். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டவர். 1961-இல் செசரியாவில் அகழ்ந்தபோது, அவருடைய பெயரும் யூதேயாவின் அதிகாரி என்னும் பதவியும் பொறித்த சிதைந்த கல் ஒன்று கிடைத்தது. அந்தத் திபேரியுவின் உலகம் நமக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. அவர் முகம் பொறித்த உரோமானிய வெள்ளிக்காசுகள் நம் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து ஏராளமாகக் கிடைத்துள்ளன. வரிகட்டுவதைப் பற்றிய வாதத்தில், இயேசுநாதர் ஒரு காசைக் காட்டச் சொல்லி அதில் உள்ள உருவம் யாருடையது என்று கேட்டதாக இந்நூலின் இருபதாம் அதிகாரம் கூறுகிறது. அக்காசு திபேரியுவின் வெள்ளிக்காசாக இருக்கலாம் என்பது அறிஞர்களின் நெடுங்காலக் கருத்து. மிளகுக்கு விலையாக நம் நாட்டிற்கு வந்த காசும் அந்நாட்டு வரிக்காசும் ஓரினத்தவை என்று எண்ணும்போது, தொலைவு குறைகிறது அல்லவா?

இனி, இது எவ்வகை நூல் என்ற கேள்விக்கு வருவோம். நற்செய்திகள் எவ்வகையிலும் சேராத தனி எழுத்து என்பதே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த கருத்து. 1992-இல் ரிச்சர்டு பர்ரிட்ஜ் என்பவர், அவை கிரேக்க உரோமானிய வாழ்க்கை வரலாறுகளோடு ஓரினப்பட்டவை என்று விரிவாக வாதிட்டார். இன்று பலரும் அதை ஏற்கின்றனர். அக்கால வாழ்க்கை வரலாறு இக்காலத்ததைப் போன்றதன்று. தாம் எழுதுவது போர்களின் வரலாறு அன்று, மனிதரின் வாழ்க்கை என்றும், பெரும்போரைவிட ஒரு சிறு சொல்லோ வேடிக்கையோ ஒருவருடைய இயல்பைத் தெளிவாகக் காட்டிவிடும் என்றும் புளூட்டார்க் தம் அலெக்சாந்தர் வரலாற்றின் தொடக்கத்தில் கூறுகிறார். ஆதலால் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் அடுக்குவதைவிட, மனிதரின் இயல்பு விளங்குமாறு அமைப்பதையே பெரிதாகக் கருதினர்.

லூக்கா அவ்வாறு செய்வதை ஓரிடத்தில் கையும் களவுமாகவே பிடிக்கலாம். இயேசுநாதர் தம் சொந்த ஊராகிய நாசரேத்தில் பேசி, ஊராரால் தள்ளப்பட்ட நிகழ்ச்சியை மாற்கு தம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் வைக்கிறார். மாற்கின் நூலைப் பயன்படுத்தியே லூக்கா எழுதினார் என்பது பெரும்பாலோர் முடிவு. லூக்காவோ அதனை விரித்து, பணியின் தொடக்கத்திற்கே கொண்டுவந்துவிட்டார். ஆனால் அப்பேச்சில், கப்பர்நகூமில் முன்பு செய்த செயல்களைப் பற்றிய குறிப்பு வருகிறது. லூக்காவின் வரிசைப்படி அவர் கப்பர்நகூமில் செய்த செயல் எதுவும் அதற்குமுன் விவரிக்கப்படவில்லை! நாடகத்தின் முதற்காட்சியிலேயே முழுக்கதையின் பொருளையும் காட்டிவிட எண்ணி அதை முன்னே வைத்தார் என்று கொண்டால், அவர் செய்தது விளங்கிவிடும்.

இவ்விடத்தில் ஒரு கடினமான செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டாம் அதிகாரத்தில், அகஸ்துவின் கட்டளைப்படி குடிமதிப்பு எழுதப்பட்டது என்றும், அது சிரேனியு சிரியாவை ஆண்டபோது நடந்தது என்றும், அப்போது இயேசுநாதர் பிறந்தார் என்றும் காண்கிறோம். சிரேனியு யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6-இல் என்பது ஜோசீபஸ் தரும் செய்தியால் தெரிகிறது. ஆனால் முதல் அதிகாரமோ பெரிய ஏரோது மன்னனின் காலத்தில் தொடங்குகிறது. ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது பெரும்பாலோர் கணக்கு. இடையில் ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி இருக்கிறது.

என் வகுப்பில் ஒருமுறை இதுபற்றி இரு மாணவர்களிடையே வாதம் மூண்டது. "ஆண்டே தவறு என்றால் நூல் முழுவதும் தவறுதானே, ஐயா?" என்றான் ஒருவன். "திருமறையில் தவறு இருக்காது, ஜோசீபஸ்தான் தவறியிருப்பார்" என்றான் மற்றவன். "தம்பிகளே, இருவரும் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பிறகு தேடுகிறீர்கள். ஒரு சாட்சி ஓரிடத்தில் இடறினால் நீதிபதி அவ்விடத்தைக் குறித்துக்கொள்வார், பிறகு மீதியையும் பொறுமையாகக் கேட்பார்" என்றேன்.

அவ்வாறு கேட்டால் என்ன கிடைக்கிறது? லூக்கா இங்கே ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டார் என்றே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருதுகின்றனர். வேறுவகையில் பொருள் கொள்ள முயன்றோரும் உளர். கி.பி. 104-இல் எகிப்தின் ஆளுநர் விபியு மாக்சிமு, குடிமதிப்புக்காக வெளியூர்களில் இருப்போர் தம் இல்லங்களுக்குத் திரும்பவேண்டும் என்று இட்ட ஆணை ஒன்று பப்பைரஸ் தாளில் கிடைத்துள்ளது. குடிமதிப்புக்காக மக்கள் ஊர்விட்டு ஊர் செல்ல நேர்ந்தது என்பதற்கு அது சான்று. ஆனால் அது மூதாதையர் ஊருக்குச் செல்லச் சொன்ன ஆணையன்று. ஆண்டுச் சிக்கலையும் அது தீர்க்கவில்லை. ஒப்புமை தரும் அளவுக்குமேல் அதனிடம் கேட்கலாகாது.

ஆயினும் இன்னொன்று உண்டு. கி.பி. 6-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, கலிலேயனான யூதாஸ் என்பவன் கலகம் விளைவித்த குடிமதிப்பு. இதை ஜோசீபஸும் கூறுகிறார். லூக்காவின் இரண்டாம் நூலும் குறிப்பிடுகிறது. வரிக்கணக்கு எழுதுவது அடிமைப்படுவதாகும் என்று வாளெடுத்த நினைவு மக்களிடம் மறையவில்லை. அந்நினைவோடு கேட்பவர்க்கு, கட்டளைக்குப் பணிந்து நடந்துபோகும் ஓர் ஏழைக் குடும்பத்தில் மீட்பர் பிறந்தார் என்னும் கதை ஒரு பெரிய விடையாக ஒலித்திருக்கும் என்பது என் கருத்து. ஆண்டை மட்டும் பார்த்து நூலை எறிந்தவனுக்கு இது கேட்காது. ஆண்டைப் பார்க்கவே மறுத்தவனுக்கும் கேட்காது.

ஒப்பிட்டுப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். 1882-இல் ஹோபார்ட் என்பவர், இந்நூலில் மருத்துவச் சொற்கள் நிறைந்துள்ளன; ஆதலின் ஆசிரியர் மருத்துவரே என்று நிறுவ முற்பட்டார். பின்னர் ஹென்றி காட்பரி என்னும் அறிஞர், அச்சொற்களையே மருத்துவர் அல்லாத கிரேக்க எழுத்தாளரும் தாராளமாக வழங்கினர் என்று எடுத்துக்காட்டினார். லூக்காவின் மருத்துவப் பட்டத்தைப் பறித்துத் தாம் முனைவர் பட்டம் பெற்றார் காட்பரி என்று மாணவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்களாம். மருத்துவ நூல்களோடு மட்டும் ஒப்பிட்டவருக்கு எல்லாம் மருத்துவமாகத் தோன்றியது. பரந்து ஒப்பிட்டவருக்கே உண்மை தெரிந்தது.

சொற்களைவிட்டு வாழ்க்கைக்கு வருவோம். திமிர்வாதக்காரன் ஒருவனைக் கூரை வழியாக இறக்கிய கதை மாற்கிலும் உண்டு, லூக்காவிலும் உண்டு. மாற்கின் கதையில் கூரையைத் தோண்டுகிறார்கள். பலஸ்தீன நாட்டுச் சிற்றூர் வீடுகளில் உத்தரங்களின்மேல் கிளைகளைப் பரப்பி மண் சாத்தித் தட்டையாகக் கூரை அமைப்பர். அதைத் தோண்டத்தான் வேண்டும். லூக்காவின் கதையிலோ ஓடுகளின் வழியே இறக்குகிறார்கள். ஓட்டு வீடுகள் நிறைந்த கிரேக்க நகரத்து மக்களுக்கு விளங்கும்படி அவர் கூரையை மாற்றிவிட்டார். மண்கூரையையும் ஓட்டுக்கூரையையும் கண்டறிந்த நமக்கு இதன் நுட்பம் எளிதில் புலப்படும். ஒரு சொல்லில், எழுதியவர் யாரை முன்னே இருத்தி எழுதினார் என்பது தெரிந்துவிடுகிறது.

இந்நூலில் விருந்துகள் மிகுதி. ஏழாம் அதிகாரத்தில், பரிசேயர் ஒருவர் வீட்டு விருந்தில், பெண் ஒருத்தி இயேசுநாதரின் பின்னே நின்று அழுது, அவர் பாதங்களைக் கண்ணீரால் நனைத்தாள் என்று வருகிறது. சம்மணமிட்டு உண்ணும் நமக்கு இது விளங்குவதில்லை. பின்னே நிற்பவளுக்குப் பாதம் எப்படி எட்டும்? அக்காலப் பெருவிருந்துகளில் விருந்தினர் மஞ்சங்களில் இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, தலை உணவுப் பலகைப் பக்கமும் கால் வெளிப்பக்கமும் இருக்கப் படுத்து உண்பர். இதை அறிந்தவுடன் காட்சி முழுவதும் கண்முன் நிற்கிறது.

விருந்தில் யார் எங்கே சாய்வது என்பது அக்காலத்தில் மானப்பிரச்சினை. விருந்தினரை அவரவர் தகுதிப்படி இருத்துவது வீட்டுத் தலைவரின் கடமையா, அல்லது அவரவர் விருப்பத்திற்கு விட்டுவிடலாமா என்பதைப் பற்றிப் புளூட்டார்க் ஓர் உரையாடலே எழுதியிருக்கிறார். லூக்காவின் பதினான்காம் அதிகாரம் இதே விருந்துக் கூடத்தில் நிகழ்கிறது. முதலிடங்களைத் தேடி முந்தும் விருந்தினரைக் கண்டு, கடைசி இடத்தில் அமருங்கள் என்கிறார் இயேசுநாதர். இவ்வளவில் இது நல்லொழுக்க அறிவுரையாகவே தோன்றும். அடுத்துச் சொல்வதுதான் அக்கூடத்தையே அதிரவைத்திருக்கும். நண்பரையும் செல்வரையும் அழைக்காதீர்கள். அவர்கள் உங்களைத் திரும்ப அழைத்துக் கடனைத் தீர்த்துவிடுவார்கள். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழையுங்கள், அவர்களால் கைம்மாறு செய்ய இயலாது என்பது அதன் கருத்து.

இதன் எடையை உணர, கைம்மாற்றின்மீது அவ்வுலகம் எவ்வாறு நின்றது என்பதை அறியவேண்டும். நட்புடையவனை விருந்துக்கு அழை, பகைவனை விட்டுவிடு. கொடுப்பவனுக்குக் கொடு, கொடாதவனுக்குக் கொடாதே என்பது ஹெசியோது என்னும் பழங்கிரேக்கப் புலவர் உழவருக்குச் சொன்ன வாழ்க்கை விதி. அரசர்களும் செல்வர்களும் நகரங்களுக்குக் கொடையளித்தனர். நகரங்கள் அவர்களுக்கு 'உபகாரி' என்னும் பட்டத்தைக் கல்லில் பொறித்து அளித்தன. எகிப்தை ஆண்ட தாலமி மன்னருள் சிலர் அப்பட்டத்தையே பெயரோடு சூடிக்கொண்டனர். இருபத்திரண்டாம் அதிகாரத்தில், அதிகாரம் செலுத்துவோர் உபகாரிகள் என அழைக்கப்படுவதைச் சுட்டி, உங்களிடையே அவ்வாறு இருக்கலாகாது என்று இயேசுநாதர் தம் சீடர்க்குக் கூறுகிறார். அப்பட்டத்தைத் தாங்கிய கல்வெட்டுகள் நிற்கும் தெருவில் நடந்து பழகியவனுக்கு அச்சொல் எப்படித் தைத்திருக்கும்!

ஒரு பழைய நூலை அதன் காலத்தோடு சேர்த்துப் படித்தால் அதன் தனிச்சிறப்பு மறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. நான் கண்டது வேறு. முன்னுரையிலும், காலக்குறிப்பிலும், வாழ்க்கையை அமைத்த முறையிலும் லூக்கா தம் காலத்தவரைப் போலவே எழுதினார். எங்கே அவர் தம் காலத்தோடு ஒத்துப் போகிறார் என்பதை அறிந்தவனுக்கே, எங்கே அவர் விலகி நிற்கிறார் என்பது தெரியும். ஹெசியோதை அறியாதவனுக்குப் பதினான்காம் அதிகாரம் ஒரு நீதிமொழி. அறிந்தவனுக்கோ, ஓர் உலகத்தின் கொடுக்கல் வாங்கல் முறையையே மறுத்துரைத்த சொல்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் போற்றப்படும் நூலாயினும், பிறர் வீட்டில் போற்றப்படும் நூலாயினும், அதைத் திறக்கும்போது சில கேள்விகளை உடன் கொண்டு செல்லுங்கள். இது எந்த மொழியில், யாருக்காக எழுதப்பட்டது? அக்காலத்து வேறு நூல்கள் எவ்வாறு தொடங்கின, எவ்வாறு முடிந்தன? இதில் வரும் வீடு எத்தகையது, விருந்து எத்தகையது, காசு யாருடையது? எது எல்லோரும் சொன்னது, எது இவர் மட்டும் சொன்னது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதற்குப் பல நாள் ஆகலாம். ஆனால் அவ்வளவு நாளும் நூல் உங்கள் கையில் திறந்தே இருக்கும்.